நான்காவது கத்தி

புதிதாக ஒரு மடக்குக்கத்தி வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது, ‘எது நல்ல கத்தி?’ என்பது. பழம் நறுக்கவும் பார்சல் பிரிக்கவும் ஒரே ஒரு கத்தி வேண்டுமென்றால் அது சரியான கேள்விதான். சேகரிப்பவருக்கு அது போதாது. ‘என்னிடம் இருக்கும் கத்திகளில் இல்லாத எது இதில் இருக்கிறது?’ என்று அவர் கேட்க வேண்டும். அப்படிக் கேட்காமல் வாங்கிக்கொண்டே போனால், ஒரே கத்தியைப் பத்து நிறங்களில் வாங்கி அடுக்கியதாகத்தான் முடியும்.

என்னிடம் மூன்று கத்திகள் இருக்கின்றன. நான்காவதாக எதை வாங்குவது என்று சில மாதங்களாக எடைபோட்டுக்கொண்டிருக்கிறேன். மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தபோது ஒன்று தெளிவாயிற்று. எஃகும் பிடியும் அழகும் பிறகு வருபவை. மடக்குக்கத்தி என்ற பொருளின் அடிப்படைச் சிக்கல் ஒன்றே ஒன்றுதான்: மடங்கக்கூடிய அலகு, வெட்டும்போது மட்டும் மடங்காமல் நிற்க வேண்டும். மூன்று கத்திகளும் இந்தச் சிக்கலுக்கு மூன்று விடைகள்.

முதலாவது விக்டோரினாக்ஸின் கேடட். 84 மில்லிமீட்டர் நீளம், அலுமினியப் பிடி. கார்ல் எல்செனர் ஸ்விட்சர்லாந்தின் இபாக் ஊரில் 1884-இல் தொடங்கிய பட்டறை, 1891-இல் அந்நாட்டு ராணுவத்துக்குக் கத்திகள் செய்துகொடுத்தது. அந்த மரபில் வந்தது இது. இதில் பூட்டு கிடையாது. பிடியின் முதுகில் ஓடும் எஃகு வில், அலகின் அடிப்பகுதியை அழுத்திப் பிடிக்கிறது. திறந்தால் ‘டக்’ என்று நிற்கும். முதுகுப்பக்கம் வலுவாக அழுத்தினால் மடங்கிவிடும்.

இரண்டாவது ஓப்பினெல் எட்டாம் எண். பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஓப்பினெல் 1890-இல் செய்யத் தொடங்கிய கத்தி. பீச் மரப்பிடி, எட்டரை சென்டிமீட்டர் அலகு. கழுத்தில் இருக்கும் உலோக வளையத்தைத் திருகினால் அலகு மடங்க வழியில்லாமல் போகும். அந்த வளையம் 1955-இல்தான் வந்தது. அதற்கு முன் அறுபத்தைந்து ஆண்டுகள் மரத்தின் இறுக்கம் மட்டுமே அலகைப் பிடித்துவைத்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மூன்றாவது அமெரிக்காவின் பக் 110. 1964-இல் வந்தது. பித்தளை முனைகளும் மரப்பிடியுமாக 200 கிராமுக்கு மேல் கனக்கும். முதுகில் ஒரு நெம்புகோல். அதன் கொக்கி அலகின் அடியில் இருக்கும் வெட்டில் விழுந்து பூட்டிக்கொள்கிறது. இந்தப் பூட்டு பக் நிறுவனம் கண்டுபிடித்ததல்ல. ஆனால் இடுப்பு உறையில் நிலைக்கத்தி வைத்திருந்த வேட்டைக்காரரை, மடக்குக்கத்தியையும் அதே அளவு நம்பலாம் என்று ஏற்கவைத்தது இந்தக் கத்திதான்.

வில், வளையம், நெம்புகோல் பூட்டு. நான்காவது இடத்துக்கு என் முன் நின்றவை மூன்று: பிரான்சின் லகியோல், ஸ்பைடர்கோவின் டெலிகா, ஜப்பானின் ஹிகோனோகாமி.

லகியோலை விரைவில் ஒதுக்கிவிடலாம், வருத்தத்தோடுதான். மெலிந்த இடுப்பு, முதுகு வில்லின் மேல் ஈ போன்ற உருவம், பிடியில் சிறு ஆணிகளால் பதித்த சிலுவை. போட்டியில் நின்ற மூன்றில் கண்ணுக்கு இனியது இதுதான். ஆனால் அது நிற்பது வில்லின் அழுத்தத்தில். கேடட் சொன்ன விடையையே இன்னும் அழகான எழுத்தில் திரும்ப எழுதுகிறது. அலகைப் ‘பட்’டென்று மூட விட்டால் கூர் உள்ளே வில்லில் மோதி மழுங்கும் என்பதால் கையால் தாங்கி மூட வேண்டும் என்ற பழக்கமும் அதனோடு வருகிறது. இன்னொரு சிக்கல் பெயர். லகியோல் என்பது அவெரோன் பகுதியில் உள்ள ஓர் ஊர். கத்தியில் அது ஒரு வடிவத்தின் பெயராக நிலைத்துவிட்டது, ஒரே பட்டறையின் முத்திரையாக அல்ல. அந்த ஊரிலும் செய்கிறார்கள், கத்தித் தொழிலுக்குப் பேர்போன தியேர் நகரிலும் செய்கிறார்கள், ஆசியாவில் மலிவாகச் செய்து அதே பெயரைப் பொறித்தும் விற்கிறார்கள். அலகில் இருக்கும் பெயரைப் படித்து எதையும் முடிவுசெய்ய முடியாது. செய்தவரைத் தேடிப் பிடித்து வாங்க வேண்டும். அந்த உழைப்பைச் செலவிட விருந்து மேசை அழகு மட்டும் எனக்குப் போதுமான காரணமில்லை.

டெலிகாவை அவ்வளவு எளிதாக விலக்க முடியாது. விலக்கவும் கூடாது.

ஸ்பைடர்கோ அமெரிக்காவின் கொலராடோ மாநில நிறுவனம். அதை நிறுவிய சால் கிளெசர் 1981-இல் ‘வொர்க்கர்’ என்ற கத்தியைக் கொண்டுவந்தார். அதில் இரண்டு செய்திகள் இருந்தன. அலகில் ஒரு வட்டத் துளை. கட்டைவிரலை அதில் பதித்துத் தள்ளினால் ஒரே கையால் கத்தி திறக்கும். பிடியில் ஒரு கிளிப். சட்டைப்பையின் அடியில் சாவிகளோடு புரளாமல் பையின் விளிம்பிலேயே கத்தி நிற்கும். இன்று கடையில் பார்க்கும் புதுக்கத்திகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு யோசனைகளின் பிள்ளைகள். 1990-இல் வந்த டெலிகா அதே யோசனைகளை வார்ப்புப் பிளாஸ்டிக் பிடியில் இறக்கி எடையைக் குறைத்தது. இப்போதைய டெலிகா 70 கிராம் அளவுதான். பக் 110-இன் எடையில் பாதிகூட இல்லை. ஜப்பானின் செக்கி நகரில் தயாராகிறது. அலகு விஜி-10 எஃகு. ஏறத்தாழ ஒரு சதவீதம் கார்பன், 15 சதவீதம் குரோமியம். கூர் நெடுநாள் நிற்கும், துருவும் எளிதில் அண்டாது.

கருவியாக மட்டும் பார்த்தால் இந்த மூன்றில் டெலிகாவே முதலிடம். ஒரு கையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மறு கையால் திறக்கலாம், வெட்டலாம், மூடலாம். பூட்டு உறுதி. கடற்கரை ஊரில் மறந்து வைத்தாலும் கெடாது. ஒரே ஒரு கத்தி வைத்துக்கொள்ள விரும்பும் எவரும் என்னிடம் கேட்டால், தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

என் கணக்கில் அதற்கு விழும் குறைகள் இரண்டு. ஒன்று, அதன் பூட்டு பக் 110-இன் பூட்டேதான்: முதுகு நெம்புகோல், கொக்கி, வெட்டு. அடிப்படைச் சிக்கலுக்கு அது புதிய விடை எதையும் தரவில்லை. இரண்டு, துளையும் கிளிப்பும் உண்மையிலேயே என்னிடம் இல்லாதவை என்றாலும், அவை கத்தியைத் திறப்பதையும் எடுத்துச்செல்வதையும் பற்றியவை. கத்தி நிற்பதைப் பற்றியவை அல்ல. அந்த யோசனையின் பிறப்பைச் சேகரிக்க வேண்டுமானால் 1981-இன் வொர்க்கரைத்தான் தேட வேண்டும். டெலிகா அதன் தேர்ச்சி பெற்ற தம்பி. இருந்தாலும் ஒரு புதுமையும் முக்கால் பங்கு பயனும் அதன் தட்டில் இருக்கின்றன. மற்றொரு தட்டு இதைவிடக் கனமாக இருந்தாக வேண்டும்.

அந்தத் தட்டில் இருப்பது, ஒரு பித்தளைத் தகட்டை நீளவாக்கில் மடித்துச் செய்த பிடி, ஓர் அலகு, இரண்டையும் சேர்க்கும் ரிவெட். ஹிகோனோகாமி அவ்வளவுதான். வில் இல்லை, வளையம் இல்லை, பூட்டு இல்லை. அலகின் அடியிலிருந்து வால் போல ஒரு துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஜப்பானியர் அதைச் ‘சிக்கிரி’ என்கிறார்கள். கட்டைவிரலால் அதை அழுத்தினால் அலகு எழும்பித் திறக்கும். திறந்த பின் அந்த வால் பிடியின் முதுகில் படிந்துகொள்ளும். வெட்டும்போது கட்டைவிரல் இயல்பாகவே அதன் மேல்தான் இருக்கும். விரல் இருக்கும்வரை கத்தி மடங்காது. பூட்டின் வேலையைக் கையே செய்கிறது.

வளையம் வருமுன் ஓப்பினெலும் இப்படித்தானே இருந்தது, பிறகு இதில் என்ன புதுமை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, நானும் இதில் நெடுநேரம் நின்றேன். ஓப்பினெலில் அலகைப் பிடிப்பது மரம். மழைக்காலத்தில் மரம் ஊறி இறுகும், அலகைத் திறக்கவே பிடியின் அடியைக் கட்டையில் தட்ட வேண்டியிருக்கும். வெயிலில் உலர்ந்து தளரும். வெட்டுபவருக்கு அதில் பங்கில்லை. ஹிகோனோகாமியில் பிடிப்பது விரல். ரிவெட்டின் இறுக்கம் துணை மட்டுமே. தளர்ந்தால் சிறு சுத்தியலால் ஒரு தட்டு போதும். பூட்டில்லாத இரண்டு கத்திகளும் ஒரே விடை என்று சொல்வது, கதவு தானாக இறுகி நிற்பதையும் ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்பதையும் ஒன்றென்று சொல்வதாகும். ஆகவே இது நான்காவது விடை.

அடுத்து எஃகு. என் மூன்று கத்திகளும் துருப்பிடிக்காத எஃகு. ஓப்பினெலையும் அந்த வகையில்தான் வாங்கியிருந்தேன். ஹிகோனோகாமியில் ‘அவோகாமி’ என்று முத்திரையிட்ட வகை உண்டு. நீலக் காகிதம் என்று பொருள். ஷிமானே மாவட்டத்து யசுகி ஆலையில் எஃகுத் துண்டுகளைத் தரத்துக்கேற்ற வண்ணக் காகிதம் சுற்றி விற்றதால் வந்த பெயர். அதன் இரண்டாம் தரத்தில் கார்பன் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல். டங்ஸ்டன் ஒன்று முதல் ஒன்றரை. குரோமியம் அரை சதவீதம்கூட இல்லை, அதனால்தான் துருப்பிடிக்கும். இந்தக் கடினமான எஃகை நடுவில் வைத்து இருபுறமும் மென்னிரும்பை ஒட்டி அலகு செய்கிறார்கள். கடின எஃகு கூரைத் தாங்குகிறது, மென்னிரும்பு நொறுங்காமல் காக்கிறது. ஜப்பானியத் தச்சரின் உளி எந்தக் கணக்கில் அடிக்கப்படுகிறதோ அதே கணக்கு.

இதை நேரில் காணச் சாணைக்கல்லில் ஏற்ற வேண்டும். அலகின் சரிவு அகலமானது; தனியாகக் கோணம் பார்க்கத் தேவையில்லை, சரிவைக் கல்லில் படியவைத்தால் கோணம் தானாக அமையும். பத்து நிமிடம் தேய்த்துத் துடைத்தால் மென்னிரும்பு மங்கலாகவும் நடு எஃகு பளிச்சென்றும் பிரிந்து தெரியும், நடுவே ஒரு கோடு ஓடும். கத்திக்குள் இரண்டு உலோகங்கள் இருக்கின்றன என்று வாயால் சொல்வது வேறு. அந்தக் கோட்டைத் தன் கையால் வெளிக்கொணர்வது வேறு. சாணை பிடிக்கக் கற்க இதைவிட நல்ல ஆசிரியர் இந்த விலையில் கிடைக்காது. விலையோ ஜப்பானில் சில ஆயிரம் யென்தான்.

வரலாறும் அதன் தட்டில் சேர்கிறது. ஆனால் கடைக்காரர் சொல்லும் வரலாறு அல்ல. ஹிகோனோகாமி என்றால் ‘ஹிகோ நாட்டின் தலைவன்’. ஹிகோ இன்றைய குமமோட்டோ. இந்தப் பெயரையும் 1876-இல் வாள் ஏந்தத் தடை வந்ததையும் இணைத்து, சாமுராய் வாள் சுருங்கிக் கத்தியானது என்று கதை கட்டி விற்கிறார்கள். கத்தி பிறந்ததோ 1890-களில், ஹியோகோ மாவட்டத்து மிகி நகரில். மிகி, ரம்பமும் இழைப்புளியும் உளியும் செய்யும் ஊர். இந்தக் கத்தியில் நான் காண்பது போர்வீரனின் வாளை அல்ல, தச்சனின் உளியைத்தான். அதன் பெருமையும் அதுவே. தலைமுறை தலைமுறையாகப் பள்ளிப் பிள்ளைகள் இதில்தான் பென்சில் சீவினார்கள். 1960-இல் சோஷலிஸ்ட் தலைவர் அசனுமா இனெஜிரோவை மேடையிலேயே ஓர் இளைஞன் குத்திக் கொன்றான். அவன் கையில் இருந்தது குறுவாள். ஆனாலும் பிள்ளைகள் கையில் கத்தியே கூடாது என்ற இயக்கம் எழுந்தது. பென்சில் சீவும் கருவிகளும் பெருகின. பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. இன்று அந்தப் பெயரைப் பொறிக்கும் உரிமையோடு எஞ்சியிருப்பது நாகாவோ கனெகோமா என்ற ஒரே பட்டறை. சேகரிப்பவருக்கு இது கனமான காரணம்: ஸ்விஸ் கத்தியும் டெலிகாவும் பத்தாண்டு கழித்தும் கடையில் இருக்கும் என்று நம்பலாம். ஒரே கூரையின் கீழ் நிற்கும் மரபைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

குறைகளை மறைக்க மாட்டேன். பித்தளைத் தகட்டின் விளிம்புகள் கையை உறுத்தும். நீண்ட நேரம் செதுக்க இது ஏற்ற பிடி அல்ல. கை வியர்த்தால் பித்தளை வாடை ஒட்டிக்கொள்ளும், சில வாரத்தில் களிம்பேறும். அலகு பிடியின் நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்து வருவதும் உண்டு. மூடியிருக்கும்போதும் வால் வெளியே நிற்பதால், பையில் எதிலாவது சிக்கினால் கத்தி திறக்கலாம். உறை இல்லாமல் பையில் போடக் கூடாது. குத்தும் வேலைக்கும் துளையிடும் வேலைக்கும் ஆகாது. கட்டைவிரல் நழுவினால் அலகு மற்ற விரல்கள் மேல் மடங்கும். எலுமிச்சை நறுக்கித் துடைக்காமல் வைத்தால் நம் ஊர்க் காற்றில் மறுநாளே துருவின் புள்ளிகள் தெரியும்.

இவற்றில் பையில் திறக்கும் அபாயம் ஒன்றைத்தான் உண்மையான குறையாக எண்ணுகிறேன். மற்றவை பழக்கத்தால் சரியாகிறவை. பூட்டில்லாமையைக் குறையாகவே எண்ணவில்லை, ஏனென்றால் நான் சேகரிக்க விரும்புவதே அதைத்தான். சட்டத்தின் கண்ணிலும் அதற்கு மதிப்பு உண்டு: பிரிட்டனில் கூர்ப்பகுதி 3 அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக்கத்தியைக் காரணம் சொல்லாமலே வெளியில் கொண்டுசெல்லலாம், ஆனால் அலகு பூட்டிக்கொள்வதாக இருந்தால் அந்தச் சலுகை கிடையாது.

ஆகவே கணக்கு இப்படி நிற்கிறது. டெலிகா பயன்பாட்டில் வெல்கிறது. ஒரு கையால் திறக்கும் யோசனையைப் புதிதாகக் கொண்டுவருகிறது. ஹிகோனோகாமி அலகை நிறுத்த நான்காவது விடையையும், என்னிடம் இல்லாத கார்பன் எஃகையும், இரண்டு உலோகம் ஒட்டிய அலகையும், ஒரே பட்டறையில் எஞ்சிய மரபையும் கொண்டுவருகிறது. அன்றாட வேலைக்கு என்னிடம் கேடட் இருப்பதால், டெலிகாவின் பயன் எனக்கு அவசரத் தேவையல்ல.

நான்காவது கத்தி ஹிகோனோகாமி. அதிலும் பித்தளைப் பிடி, அவோகாமி அலகு, பெரிய அளவு. அதே பெயரில் விஜி-10 எஃகில் வருவதை வாங்க வேண்டாம். துருவுக்குப் பயந்து அதை எடுத்தால் இந்தக் கத்தியை வாங்கக் காரணமான பாதி போய்விடுகிறது. வந்தவுடன் ரிவெட்டின் இறுக்கத்தைப் பாருங்கள், ஒரு தோல் உறை தைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு முறையும் துடைத்துத் துளி தேங்காயெண்ணெய் தடவி மூடுங்கள்.

ஐந்தாவது டெலிகா.