குளவிகளும் அடுக்களைப் பாத்திரங்களும்

அரிஸ்தோபனிஸ் இயற்றிய 'குளவிகள்' என்னும் இன்பியல் நாடகம் கி.மு. 422 இல் ஏதென்ஸ் நகரில் அரங்கேறியது. 1909 இல் கேம்பிறிஜ் பல்கலைக்கழகத்தார் அதனை மூலக் கிரேக்கத்திலேயே நடித்தனர். நகைச்சுவையோ பெரும்பாலும் சொல்லிற் பிறப்பது. அம்மொழி அறியாதார் எங்ஙனம் நகைப்பர்?

தீர்ப்பளிக்கும் பித்துப் பிடித்த கிழவனை மகன் வீட்டினுள் அடைத்துவைத்து, அவன் மனம் ஆறும்பொருட்டு அங்கேயே ஒரு வழக்கை நடத்துகின்றான். குற்றவாளி ஒரு நாய். களவுபோனது சிசிலிப் பாற்கட்டி. சாட்சிகள் அடுக்களைப் பாத்திரங்கள். அந்நாய் தளபதி லாக்கீஸையும், வழக்குத் தொடுக்கும் நாய் கிளியோனையும் குறிப்பன என்பதை ஏதென்ஸ் மக்கள் கண்டவுடனே உணர்ந்திருப்பர். பிற்காலத்தார்க்கோ உரைகாரர் துணை வேண்டும். உரை கேட்டபின் வரும் சிரிப்புச் சிரிப்பன்று.

இவ்விடத்தே கைகொடுத்தது வோன் வில்லியம்ஸ் அமைத்த இசை. துருவிக்கும் சட்டிக்கும் பட்டாள மிடுக்குடன் ஓர் அணிநடை! அதனைச் சுவைக்கக் கிரேக்கம் வேண்டியதில்லை. ஆயினும் அவ்விசையிற் கொடுக்கு இல்லை. மூன்று ஒபல் கூலிக்காக முதியோர் கிளியோனின் கைப்பாவைகளான அவலத்தை அது தொடவில்லை.

இசையும் உரையும் வேண்டாத இடம் ஒன்றுண்டு. மகனின் சூழ்ச்சியால் தன் வாக்கினை விடுதலைக் குடத்தில் இட்டுவிட்ட கிழவன், உண்மை அறிந்து மயங்கி விழுகின்றான். அங்கு நடிகனின் உடலே பேசவேண்டும். ஏதென்ஸில் அவன் முகமூடியன்றோ அணிந்திருந்தான்.