நந்தனும் இராசாக்கண்ணும்: வீட்டுத் திரையில் கண்ட இரு படங்கள்

திரைப்படம் என்றால் கொட்டகை என்றிருந்த நிலை இன்று மாறிவிட்டது. கடலூரிலோ சிதம்பரத்திலோ வாழும் ஒரு குடும்பம் இரவு உணவுக்குப் பின் தன் வீட்டுக் கூடத்தில் அமர்ந்தபடியே, எண்பது ஆண்டுகளுக்கு முந்திய படத்தையும் அண்மைக் காலத்துப் படத்தையும் அடுத்தடுத்த நாள்களில் காணக்கூடும். அவ்வாறு நாம் ஒரே வாரத்தில் கண்ட இரு படங்களைப் பற்றிய எண்ணங்களை வாசகரோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒன்று, ஜெமினி நிறுவனத்தார் 1942இல் வெளியிட்ட ‘நந்தனார்’. மற்றொன்று, 2021 நவம்பர் 2ஆம் நாள், கொட்டகைக்கு வராமலே அமேசான் பிரைம் வீடியோ வழியாக நேரே இல்லங்களுக்கு வந்த ‘ஜெய் பீம்’.

இவ்விரண்டையும் ஒருங்கே வைத்து நோக்குவதற்குக் காரணம் உண்டு. இரண்டும் பழைய தென்னாற்காடு மாவட்டத்து மண்ணில் வேர்கொண்டவை. நந்தனின் கதை தில்லைக் கோயிலின் வாயிலில் முடிகிறது. இராசாக்கண்ணுவின் கதை, அக்கோயிலிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய விருத்தாசலம் வட்டாரத்தில் தொடங்குகிறது. இரண்டிலும் நடுநாயகனாக நிற்பவன் ஊருக்கு வெளியே வாழும் உழைப்பாளி. இரண்டிலும் அவன் உடல் மறைந்துபோகிறது. அவ்வுடலுக்கு என்ன நேர்ந்தது என்ற வினாவை இப்படங்கள் எவ்வாறு எதிர்கொள்ளுகின்றன என்பதே நாம் ஆராய விரும்புவது.

நந்தனார்: இசையும் தீயும்

நந்தனின் வரலாறு ஒரே வடிவில் நமக்கு வந்ததன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய திருநாளைப்போவார் புராணத்தில், கொள்ளிடக் கரையிலுள்ள ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்த அடியார் தில்லையைக் காண ஏங்குகிறார். நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று நாள் கடத்துகிறார். இறுதியில் தில்லை எல்லையை அடைந்தும் உள்ளே செல்லத் துணியாமல் வலம் வந்துகொண்டே இருக்கிறார். கனவில் இறைவன் ஆணையிட, தில்லைவாழ் அந்தணர் வளர்த்த தீயில் மூழ்கி, பூணூல் அணிந்த முனிவராய் எழுந்து, கோயிலுட் புகுந்து மறைகிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இக்கதையைக் கீர்த்தனையாக விரித்தபோது, சேக்கிழாரிடம் இல்லாத ஒருவரைப் புகுத்தினார். அவரே நிலக்கிழாராகிய வேதியர். நாற்பது வேலி நிலத்தின் வேளாண்மையை முடித்துவிட்டுப் போ என்று அவர் நிபந்தனை விதிக்க, இறையருளால் ஓர் இரவிலே பயிர் விளைந்து நிற்கிறது. இப்புதுமையால் நந்தனின் கதை பக்திக் கதையாக மட்டும் நில்லாமல், பண்ணையடிமையின் கதையுமாயிற்று.

முருகதாசா இயக்கிய ஜெமினிப் படம் பாரதியார் வழியையே பின்பற்றுகிறது. தண்டபாணி தேசிகர் நந்தனாகவும், செருகளத்தூர் சாமா வேதியராகவும் நடித்தனர். இதற்கு முன் 1935இல் கே. பி. சுந்தராம்பாள் நந்தனாக நடித்த படம், அவருக்கு அளிக்கப்பட்ட ஓர் இலட்சம் ரூபாய் ஊதியத்தால் பெரிதும் பேசப்பட்டது. எனினும் நாட்டின் நெஞ்சில் நிலைத்தது தேசிகரின் நந்தனே. பின்னாளில் சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசை பயிற்றுவித்த அப்பெருமகனாரின் குரல், இன்றும் கேட்போரை உருக்கவல்லது. அவர் பாடும்போது அடிமையின் ஏக்கம் நடிப்பாகத் தோன்றுவதில்லை. அந்த அளவிற்கு இப்படம் உண்மையானது.

காலத்தையும் கருதுதல் வேண்டும். 1939 சூலையில் வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒடுக்கப்பட்டோர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தனர். சென்னை மாகாணத்தின் ஆலய நுழைவுச் சட்டம் 1947இல் நிறைவேறியது. இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடையே வந்த படம் இது. கதவு திறக்கப்பட வேண்டும் என்ற உணர்ச்சியை அது பல்லாயிரம் மக்களிடத்தில் எழுப்பியிருக்கும் என்பதில் ஐயமில்லை.

ஆயினும் ஒரு வினா எஞ்சுகிறது. கதவு யாருக்குத் திறக்கிறது? வயலில் உழைத்துக் கறுத்த நந்தனுக்கன்று. தீயில் அவ்வுடலைக் களைந்துவிட்டு வேறொருவனாய் எழுந்தவனுக்கே. தடுத்தவர் மாறவேண்டிய இடத்தில் தடுக்கப்பட்டவனே மாறுகிறான். வேதியர் மனம் திரும்பி நந்தனின் காலில் விழுகிறார் என்பது உண்மையே. ஆனால் அம்மனமாற்றத்தால் சேரியில் எஞ்சியிருப்போருக்குக் கிடைத்தது யாது என்று கதை கேட்பதில்லை. நந்தன் ஒளியில் கலந்துவிடுகிறான். அவன் தோழர்கள் மறுநாள் மீண்டும் வயலுக்குப் போகவேண்டியவர்களே.

இம்முடிவைக் கண்டு மனம் ஒப்பாதவர் தமிழில் முன்னரே தோன்றியுள்ளனர். புதுமைப்பித்தன் ‘புதிய நந்தன்’ என்ற சிறுகதையில் ஆதனூரையே களமாக்கி, கிறிஸ்தவனான சேரி இளைஞன் ஒருவன் திருச்சபைக்குள்ளும் சாதி தன்னைத் தொடர்ந்து வருவதைக் காணுமாறு செய்தார். அக்கதையை நம் சபையார் அனைவரும் படித்தல் நன்று. இந்திரா பார்த்தசாரதியின் ‘நந்தன் கதை’ என்னும் நாடகம், தீயைத் திருவருளாகக் காணாமல் சூழ்ச்சியாகக் கண்டது. 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவில், கீழவெண்மணியில் கூலி உயர்வு கேட்ட மக்களின் குடிசையொன்றில் 44 உயிர்கள் எரிந்து மாண்டன. அந்நாளுக்குப் பின், உழவுத் தொழிலாளியைத் தீ தூய்மைப்படுத்தியது என்ற பாட்டைப் பழைய உருக்கத்தோடு கேட்பது நமக்கு இயலுவதாயில்லை.

ஜெய் பீம்: உடலைக் கேட்கும் மனைவி

இரண்டாம் படத்தின் அடிப்படை உண்மை நிகழ்ச்சியாகும். 1993 மார்ச்சு மாதம், விருத்தாசலத்தை அடுத்த முதனை என்னும் ஊரில், திருட்டுக் குற்றம் சாட்டப்பட்ட இராசாக்கண்ணு என்ற தொழிலாளி கம்மாபுரம் காவல் நிலையத்தில் வதைக்கப்பட்டு இறந்தார். அவர் தப்பியோடிவிட்டார் என்று காவலர் கூறினர். அவர் மனைவி பார்வதி அதை நம்ப மறுத்தார். மார்க்சியக் கம்யூனிஸ்டுக் கட்சியினர் துணைநின்றனர். பின்னாளில் உயர் நீதிமன்ற நீதிபதியாக விளங்கிய கே. சந்துரு அன்று வழக்கறிஞராக இருந்து வழக்கை ஏற்று நடத்தினார். அவ்வாண்டு செப்டம்பர் இறுதியில் தென்னாற்காடு பிரிக்கப்பட்டுக் கடலூர், விழுப்புரம் என இரு மாவட்டங்களாயிற்று. வழக்கோ 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் காவலரைக் குற்றவாளிகள் என்று தீர்க்கும் வரையில் நீண்டது.

த. செ. ஞானவேல் இயக்கிய இப்படத்தில் சூர்யா வழக்கறிஞராகவும், மணிகண்டன் இராசாக்கண்ணுவாகவும், லிஜோமோள் ஜோஸ் அவன் மனைவி செங்கேணியாகவும் நடித்துள்ளனர். தொடக்கக் காட்சியே பார்ப்பவரை நிமிர்ந்து உட்காரச் செய்கிறது. சிறையினின்று விடுதலையாகி வருவோரை வாயிலிலே நிறுத்திச் சாதி கேட்கிறார்கள். உயர்ந்த சாதியினர் வீட்டுக்குப் போகிறார்கள். மற்றையோர் நிலுவையிலுள்ள வழக்குகளுக்கு ஆள் சேர்க்கும்பொருட்டு மீண்டும் பிடிக்கப்படுகிறார்கள். தில்லையின் வாயில் உள்ளே விடாத வாயில். இது வெளியே விடாத வாயில். இரண்டிடத்தும் கேட்கப்படும் கேள்வி ஒன்றே.

வழக்கின் கருவி ஆட்கொணர்வு மனு. இலத்தீன் மொழியில் ஹேபியஸ் கார்பஸ் என வழங்கும் இதன் பெயரிலேயே உடல் என்ற சொல் உள்ளது. பிடித்துவைத்திருக்கும் மனிதனின் உடலை நீதிமன்றத்தின் முன் கொண்டுவந்து நிறுத்து என்று ஆட்சியை நோக்கி ஆணையிடும் உரிமை இது. இத்தகைய மனுவில் சாட்சிகளை விசாரிக்கும் வழக்கம் அரிது. படத்தில் சந்துரு, நெருக்கடிநிலைக் காலத்தில் 1976இல் கேரளத்தில் காவலரிடம் சிக்கி மாண்ட மாணவன் ராஜனின் வழக்கை முன்மாதிரியாக எடுத்துக்காட்டி அதற்கு இசைவு பெறுகிறார். அம்மாணவனின் உடல் அவன் தந்தையாருக்குக் கிடைக்கவே இல்லை. இராசாக்கண்ணுவின் உடலும் எல்லை கடந்து கொண்டுபோய்ப் போடப்பட்டது என்பதைப் படம் சிறிது சிறிதாக வெளிப்படுத்துகிறது.

ஈண்டு இரு படங்களின் வேறுபாடு தெளிவாகின்றது. முதற்படம் உடல் மறைந்ததைக் கண்டு கைகூப்புகிறது. இரண்டாம் படம், மறைந்த உடல் எங்கே என்று கேட்கிறது. கணவன் விண்ணேறிவிட்டான் என்ற ஆறுதலைச் செங்கேணிக்கு எவரேனும் சொல்லியிருப்பின் அவள் ஏற்றிருக்கமாட்டாள். காவல்துறை உயரதிகாரி பணம் தந்து வழக்கை முடித்துக்கொள்ளச் சொல்லும்போதும் அவள் மறுக்கிறாள். அவளை வீட்டில் கொண்டுபோய் விடும்படி மேலிடத்து ஆணை வந்தபின், காவலரின் வண்டியில் ஏற மறுத்துத் தெருவில் அவள் நடக்க, வண்டி பின்னே ஊர்ந்து வருகிறது. வசனத்தின் துணை பெரிதும் இன்றியே இக்காட்சி ஒரு பேருரையின் பயனைத் தருகிறது. நடுவனிடம் இடைவிடாது வந்து நின்ற கைம்பெண்ணைப் பற்றிய நற்செய்தி உவமை, பெரும்பாலும் செபத்திற்கு எடுத்துக்காட்டாகவே விளக்கப்படுகிறது. ஆனால் அவள் கேட்டது நியாயம் என்பதைச் செங்கேணியின் நடை நமக்கு நினைவூட்டுகிறது.

குறைகளும் உள

இப்படத்தைக் குறையற்றதெனக் கூற நாம் முன்வரவில்லை. முதலாவது, உண்மையில் குறவர் சமூகத்தைச் சார்ந்த குடும்பத்தின் துயரத்தைப் படம் இருளருக்குரியதாக மாற்றியிருக்கிறது. இருளரின் இடுக்கண் மெய்யானதே. எனினும், அடையாளம் மறுக்கப்பட்டு மாண்ட ஒருவரின் கதையைச் சொல்லும்போது அவர் சமூகத்தின் பெயரையும் மாற்றுவது எளிதில் கடந்துபோகத் தக்கதன்று. இரண்டாவது, படம் முன்னேறுந்தோறும் காட்சியின் நடுவிடத்தை வழக்கறிஞர் பிடித்துக்கொள்கிறார். பெரிய நடிகரின் படத்தில் இது தவிர்க்கலாகாதது என்பர். ஆயின் நந்தனுக்குத் தெய்வம் வந்ததுபோல் செங்கேணிக்குச் சென்னையிலிருந்து ஒருவர் வந்தார் என்ற எண்ணத்தோடு மக்கள் எழுந்துபோவாராயின், பழைய முடிவே புதிய உடையில் வந்ததாகும். பல ஆண்டுகள் வழக்குக்காக நடந்த பார்வதியின் கால்களும், ஊர் அளவில் துணைநின்ற எளிய தொண்டர்களின் உழைப்பும் இன்னும் மிகுதியாகக் காட்டப்பட்டிருக்கலாம்.

மூன்றாவது, வதைக் காட்சிகள். அவை நீளமானவை, காணப் பொறுக்காதவை. கொட்டகையில் அமர்ந்திருப்பவர் கண்ணை மூடலாமேயன்றிக் காட்சியை நகர்த்த இயலாது. வீட்டில் இருப்பவரோ ஒரு பொத்தானை அழுத்தி அதனைத் தாண்டிச் செல்லலாம். சிறுவர் உடனிருக்கும் வீட்டில் அவ்வாறு செய்வதைக் குறைகூற இயலாது. ஆனால் வதையைத் தாண்டிச் சென்று, வெற்றியை மட்டும் கண்டு மகிழ்ந்து உறங்கச் செல்லும் பழக்கம் நம்முள் வேரூன்றுமாயின், அது நந்தனின் தீயைக் காணாது அவன் பாட்டை மட்டும் சுவைப்பதற்கு ஒப்பாகும். வீட்டுத் திரை நமக்கு அளித்துள்ள இவ்வுரிமையைச் சிந்தித்தே பயன்படுத்தவேண்டியவராயிருக்கிறோம்.

இரண்டு வாயில்களுக்கு அப்பால்

இவ்விரு முடிவுகளையும் தவிர, மூன்றாவது ஒன்றும் சிதம்பரத்தில் உண்டு என்பதை இங்குக் குறிப்பிடுதல் தகும். 1916இல் சுவாமி சகஜானந்தர் அந்நகரில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கென ஒரு பள்ளியை நிறுவி, அதற்கு நந்தனார் பெயரையே சூட்டினார். சட்டமன்றத்திலும் பணியாற்றிய அவர் 1959இல் மறைந்தார். நந்தனைப் போற்றியவர்தாம் அவரும். ஆயினும் தீ வளர்க்காமல் எழுத்தறிவித்தார். நந்தன் விட்டுச்சென்ற சேரிப் பிள்ளைகளுக்கு என்ன ஆயிற்று என்று ஜெமினிப் படம் கேளாமல் விட்ட வினாவிற்கு, அப்படம் தோன்றுமுன்னரே அதே ஊரில் விடை எழுதத் தொடங்கப்பட்டிருந்தது.

‘ஜெய் பீம்’ படத்தின் கடைசிக் காட்சி இவ்விடத்தில் பொருள் நிறைந்ததாகிறது. இராசாக்கண்ணுவின் சிறு மகள், வழக்கறிஞரின் எதிரே நாற்காலியில் அமர்ந்து, அவரைப்போலவே கால்மேல் கால் போட்டுச் செய்தித்தாளை விரிக்கிறாள். அவள் வேறொரு பிறவியாக மாறவில்லை, பூணூலும் அணியவில்லை, தன் உடலோடும் தன் பெயரோடும் அமர்ந்திருக்கிறாள். திரையிலே இதைக் காண்பது எவருக்கும் மகிழ்ச்சியே. அத்தகைய ஒரு பெண்பிள்ளை நம் பள்ளியிலும், நம் ஆராதனையிலும், நாம் படம் பார்க்கும் அதே கூடத்திலும் அவ்வாறே காலின்மேல் கால் போட்டு அமருவாளாயின், அப்போது நம் முகம் எவ்வாறிருக்கும் என்பதை அவரவர் வீட்டில் இருந்துகொண்டே எண்ணிப் பார்ப்போமாக.