அறிதலும் வாழ்வும்: பார்பெல்லியனின் நாட்குறிப்பை முன்வைத்து ஒரு நோக்கு

நோயாளரின் வாழ்க்கைத் தரத்தை அளவிட முனையும் ஆய்வுகள் அண்மைக் காலத்திலே ‘சமூக அறிதல்’ என்னும் கருத்தாக்கத்துக்கு முக்கியத்துவம் அளித்து வருகின்றன. பிறருடைய முகக்குறிப்பையும் உள்ளக்கிடக்கையையும் ஒருவர் விளங்கிக்கொள்ளும் ஆற்றலே அதுவாகும். மூளையிலும் முண்ணாணிலும் நரம்புறைகளைச் சிதைக்கும் மல்ரிப்பிள் ஸ்கிளெறோசிஸ் நோயினர் சிலரிடத்து இவ்வாற்றல் குன்றக் காணப்படுகின்றது. நரம்பின் சிதைவு பொருண்மையானது. அதனை மறுப்பது பொருள்முதல்வாதமாகாது. ஆயின், அறிதலை முற்றிலும் தனிமனித மூளைக்குள்ளே தேடுவது போதுமானதா என்பதே நமது வினா. இந்நோய்க்கு ஆளான ஆங்கில எழுத்தாளர் ஒருவரின் நாட்குறிப்பு இவ்வினாவைத் தெளிவுபடுத்த உதவுகின்றது.

‘பார்பெல்லியன்’ என்னும் புனைபெயர் பூண்ட புரூஸ் பிரெடெரிக் கமிங்ஸ் (1889–1919) டெவன் பகுதியைச் சேர்ந்த பத்திரிகை நிருபர் ஒருவரின் மகன். பல்கலைக்கழகக் கல்வி அவருக்குக் கிட்டவில்லை. பிளிமத் கடலாய்வு நிலையத்திலே கிடைத்த பதவியையும், தந்தை நோயுற்றமையால், குடும்பத்தின் பொருட்டுக் கைவிட நேர்ந்தது. பின்னர் போட்டிப் பரீட்சையிலே சித்தியடைந்து, 1912இல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திற் சேர்ந்தார். ‘ஏமாற்றமுற்ற மனிதனொருவனின் நாட்குறிப்பு’ எச். ஜி. வெல்ஸின் முன்னுரையுடன் 1919இல் வெளிவந்தது.

1915 நவம்பரிலே படைச்சேர்ப்புப் பரிசோதனைக்குச் சென்றவர், மருத்துவர் ஒட்டிக் கொடுத்த கடிதத்தைப் பிரித்துப் படிக்கின்றார். தமது நோய் யாதென அப்போதுதான் அறிகின்றார். அதே ஆண்டு செப்டெம்பரில் அவரை மணந்த மனைவியோ திருமணத்துக்கு முன்னரே அதனை அறிந்திருந்தார். இவ்வுண்மை அவருக்குத் தெரியவருவது அடுத்த ஆண்டிலேயே.

பூச்சியினங்களைக் கூர்ந்து வகைப்படுத்திய கண்கள் அருகிருந்த முகத்தைப் படிக்கத் தவறின. இதனை அவரது மூளையின் குறையெனக் கொள்ளுதல் பொருந்தாது. மறைத்தது அன்பே. அவ்வன்பை மறைப்பாக மாற்றியது, உண்மையை உரியவரிடமன்றி உறவினரிடமே கூறிய அக்கால மத்தியதர வர்க்க ஒழுக்கமாகும். அரசோ அவ்வுடல் போருக்குத் தகுமா என்ற அளவிலேயே அதனை அறிய விழைந்தது. உடைமையைப் போன்றே அறிவும் சமனின்றிப் பங்கிடப்பட்டிருந்தது எனலாம். உண்மை இருவர்க்கும் பொதுவானபின் உடல் மேலும் நலிகின்றது; எனினும் மனைவியைப் பற்றிய எழுத்திலே நன்றியும் மதிப்பும் ஆழமுறுகின்றன.

நூலின் வரையறையும் இவ்விடத்திலேயே உளது. பராமரிப்பவரின் உழைப்பு நோயாளியின் பார்வையினூடாகவே நமக்குக் கிடைக்கின்றது. அவரது குரல் கேட்பதில்லை. நூலிறுதிக் குறிப்பு ஆசிரியர் 1917 டிசம்பரிலே இறந்ததாகக் கூறுகின்றது. அவர் இறந்தது 1919 ஒக்ரோபரிலாகும். தம்மிடம் மறைக்கப்பட்டமையால் துயருற்றவர் வாசகரிடம் தாமும் மறைத்தார் என்பது மனங்கொள்ளத்தக்கது.

புகைப்படத்து முகங்களைக் காட்டி உணர்ச்சியை இனங்காணச் சொல்லும் சோதனை, நோயாளி பிறரை எவ்வளவு அறிகின்றார் என உரைக்கக்கூடும். பிறர் அவரை எவ்வளவு அறியவிடுகின்றனர் என்பதை அது உரைக்காது. வாழ்க்கைத் தரம் பற்றிய விசாரணை இவ்விரண்டாவது வினாவையும் எழுப்புதல் வேண்டும்.