அப்பாவின் மாங்காய்ப் பூட்டு

சேவுகம்பட்டி வீட்டைப் பாகம் பிரித்தபோது நான் கேட்டு வாங்கியது அம்மாவின் டிரங்குப் பெட்டியை மட்டும்தான். அதில் அப்பா திண்டுக்கல்லிலிருந்து வாங்கி வந்த மாங்காய்ப் பூட்டு தொங்குகிறது. கையில் எடுத்தால் நல்ல கனம். உள்ளே இருக்கும் நெம்புத் தகடுகளைச் சாவியின் பற்கள் அதனதன் உயரத்துக்குத் தூக்கினால்தான் தாழ் நகரும். அதற்காக ஒவ்வொரு பல்லையும் அரத்தால் ராவி ராவிப் பொருத்தியிருக்கிறார் முகம் தெரியாத ஓர் ஆசாரி.

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்கள் வீட்டில் அந்தப் பெருமை அதற்கு முன்பே இருந்தது. சாவியின் பிடி அம்மாவின் பெருவிரல் பட்டுப் பட்டு வழவழவென்று தேய்ந்திருக்கிறது. என் விரலை வைத்தால் அந்தத் தேய்மானத்தில் அப்படியே பொருந்துகிறது.

பெட்டிக்குள் ஒரு சின்னாளபட்டிச் சுங்குடிச் சேலை, கொஞ்சம் நாப்தலின் வாசம், அவ்வளவுதான். களவு போக ஒன்றுமில்லை. ஆனாலும் தினமும் பூட்டுகிறேன். அந்த 'டக்' சத்தத்தில் அம்மா அடுத்த அறையில் இருக்கிறாள்.