கவிழ்த்துப் பார்க்கும் பழக்கம்

காஞ்சிபுரத்தில் புடவை எடுக்கத் தெரிந்தவர்கள் முந்தியை விரித்ததும் மயங்கிவிடுவதில்லை. புரட்டி, பின்பக்கத்தைப் பார்ப்பார்கள். உடலும் கரையும் சேரும் கோர்வையில் நெசவாளியின் கை எப்படி என்று அங்கேதான் தெரியும். மண்பாண்டம் சேர்ப்பவர்களுக்கும் இந்தப் புத்தி உண்டு. காபி தீர்ந்ததும் கோப்பையைக் கவிழ்த்துவிடுவார்கள், போன வீடு யாருடையதாக இருந்தாலும் சரி.

இந்தப் பழக்கத்துக்கு நல்ல தீனி போட்டது அமெரிக்காவின் ருக்வுட் பட்டறை. 1876-ல் பிலடெல்பியா கண்காட்சியில் ஜப்பானியப் பாண்டங்களைப் பார்த்துச் சொக்கிப்போன மரியா லாங்வொர்த் நிக்கல்ஸ், 1880-ல் சின்சினாட்டியில் அதைத் தொடங்கினார். அதன் பாண்டங்களின் அடியில் திருப்பிப் போட்ட ஆர் எழுத்தோடு ஒரு பி. 1886-ல் வந்த முத்திரை அது. அடுத்த ஆண்டிலிருந்து வருடத்துக்கு ஒரு தீநாக்கை அதைச் சுற்றிச் சேர்த்துக்கொண்டே போனார்கள். ஏழு நாக்கு இருந்தால் 1893, 1900-ல் பதினான்கு. வரைந்தவரின் சுருக்கொப்பமும் பக்கத்திலேயே இருக்கும். பிசகிப்போன சரக்கில் பெருக்கல் குறியைக் கீறிவிட்டே விற்றார்கள். அந்த நேர்மைக்காகவே எனக்கு ருக்வுட்டைப் பிடிக்கும்.

ருக்வுட் ஜாடி நம் கைக்கு வருவது துர்லபம். ஆனால் அமெரிக்கக் கையும் ஜப்பானியப் பாடமும் கலந்த பாண்டம் புதுச்சேரியிலேயே இருக்கிறது. ஜப்பானில், பிசென் மண்பாண்ட மரபில் தொழில் கற்ற டெபோரா ஸ்மித்தும், கட்டடக்கலை படித்த ரே மீக்கரும் 1971-ல் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். அங்கே பயின்றவர்களில் பலர் இன்று இந்தியாவின் பேர்பெற்ற செராமிக் கலைஞர்கள்.

அப்படிப்பட்ட பட்டறையில் 1,300 டிகிரி செல்சியஸை நெருங்கிச் சுட்ட ஸ்டோன்வேர் கிண்ணம் ஒன்றைக் கையில் எடுங்கள். பார்வைக்குத் தெரிவதைவிடக் கனக்கும். சுண்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். சத்தம் செத்திருந்தால் எங்கோ விரிசல். மேலே பூசும் மெருகில் இரும்பு கொஞ்சமாக இருந்து, சூளையில் காற்று குறைந்தால் பச்சை வரும். இரும்பு கூடினால் கரும்பழுப்பு, விளிம்பில் மட்டும் மெலிந்து செம்மை. இனிக் கவிழ்க்கலாம். மெருகு உருகிச் சூளைத் தட்டில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் அடிவளையத்தை மொட்டையாக விட்டிருப்பார்கள். மண்ணின் நிஜ நிறம் அங்கேதான். வழிந்த மெருகு வளையத்துக்கு மயிரிழை மேலே தடித்து நின்றிருந்தால், போட்டவர் கெட்டிக்காரர். கீழே இறங்கி, உரசித் தேய்த்த தழும்பு இருந்தால் விலையைப் பேசலாம்.

வாங்கியதை அலமாரியில் பூட்டுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. ஜாடியை வேண்டுமானால் பூட்டட்டும், தட்டைப் பூட்டுவது அநியாயம். மிளகும் சீரகமும் சுக்கும் மணக்கும் எங்கள் காஞ்சிபுரத்துக் கோயில் இட்லி, வெள்ளைப் பீங்கானைவிடக் கரும்பழுப்புத் தட்டில்தான் எடுப்பாக இருக்கிறது.