பாடம் இலவசம், சனது விலைக்கு

கல்வியைப் பற்றிப் பேசும் இடங்களில் இன்று அதிகம் புழங்கும் சொல் ‘இலவசம்’ என்பது. அதிலும் கணினி அறிவியலைப் பற்றிய பேச்சென்றால் அச்சொல் இல்லாமல் ஒரு வாக்கியமும் முடிவதில்லை. உலகின் பெரிய பல்கலைக்கழகங்களெல்லாம் வாயிலைத் திறந்து வைத்துவிட்டன; கையில் ஒரு கைபேசி இருந்தால் போதும்; காசில்லாமல் கற்கலாம் என்கின்றனர். இக்கூற்றில் உண்மை எவ்வளவு, உண்மையின் எல்லை எங்கே முடிகிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் உண்மையை ஒப்புக்கொள்வோம். மாணிக்கவாசகர் பிறந்த ஊர் எனப் புகழ்பெற்ற திருவாதவூரில், வயலுக்கும் கண்மாய்க்கும் இடையில் வாழும் ஒரு மாணவன், சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் நடத்தும் பாடத்தைத் தன் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கேட்க முடிகிறது. அவனுடைய தந்தையின் காலத்தில் இஃது எண்ணிப் பார்க்கவும் இயலாத செய்தி. இதற்கு வழி செய்தது ‘என்பிடெல்’ என்று மாணவர் சுருக்கமாக அழைக்கும் தேசியத் திட்டம். ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து, மைய அரசின் பொருளுதவியுடன் 2003ஆம் ஆண்டில் அதனைத் தொடங்கின. 2014 முதல் வாரந்தோறும் பாடமும் பயிற்சியும் தந்து, முடிவில் தேர்வு நடத்திச் சான்றிதழும் வழங்குகின்றனர். 2017இல் மைய அரசு ‘ஸ்வயம்’ என்னும் பொதுத்தளத்தை நிறுவி, இப்பாடங்களை அதனோடு இணைத்தது.

இங்கே எது இலவசம்? பாடத்தில் சேர்வது இலவசம். விரிவுரை இலவசம். வாரப் பயிற்சியும் அதன் திருத்தமும் இலவசம். தேர்வு எழுதுவதற்கு மட்டும், பாடம் ஒன்றுக்கு ஆயிரம் ரூபாய் என்பது பல பருவங்களாக இருந்துவரும் கட்டணம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள் ஆகியோர்க்குப் பாதி. சான்றிதழுக்கான மதிப்பெண்ணில் நூற்றுக்கு 25 பங்கு வாரப் பயிற்சிக்கு. 75 பங்கு தேர்வுக்கு. ஆகவே பன்னிரண்டு வாரம் ஒரு நாளும் தவறாமல் உழைத்துப் பயிற்சி அனைத்திலும் முழு மதிப்பெண் பெற்றவனும், தேர்வுக் கட்டணம் செலுத்தாவிடில் வெறுங்கையோடு திரும்புகிறான். கற்றது அவனிடம் இருக்கும். கற்றான் என்று சொல்ல ஒருவரும் இரார்.

மதுரையிலிருந்து மேலூர் செல்லும் நான்குவழிச் சாலையில் சிட்டம்பட்டியில் ஒரு சுங்கச்சாவடி உண்டு. சாவடி வரையில் சாலை எல்லோருக்கும் பொது. ஆனால் ஊர் போய்ச் சேர வேண்டியவனுக்குச் சாவடியைக் கடந்தாக வேண்டும். இணையக் கல்வியை மதிப்பிடும்போது நாம் கேட்க வேண்டிய கேள்வி, ‘சுங்கம் உண்டா?’ என்பதன்று. ‘சாவடியை எந்த இடத்தில் நிறுத்தியிருக்கிறார்கள்?’ என்பதே.

இக்கேள்வியோடு மேல்நாட்டு நிறுவனங்களை நோக்கினால் ஒரு வரலாறு புலப்படும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. தன் பாடக்குறிப்புகளை உலகுக்குப் பொதுவாக்குவதாக 2001இல் அறிவித்தது. 2011இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் செபாஸ்டியன் திரன், பீட்டர் நார்விக்குடன் சேர்ந்து செயற்கை நுண்ணறிவுப் பாடமொன்றை இணையத்தில் நடத்தியபோது, ஒரு லட்சத்து அறுபதாயிரம் பேர் பெயர் கொடுத்தனர். அந்த உற்சாகத்தில் உடாசிட்டி, கோர்சேரா, எட்எக்ஸ் ஆகிய மூன்றும் தோன்றின. தொடக்கத்தில் பாடத்தை முடித்தவர்க்குச் சான்றும் காசின்றிக் கிடைத்தது. 2014இல் உடாசிட்டி இலவசச் சான்றை நிறுத்தியது. 2015ஆம் ஆண்டின் இறுதியோடு எட்எக்ஸும் நிறுத்தியது. 2016 முதல் கோர்சேராவின் பல பாடங்களில், மதிப்பெண் பெறும் பயிற்சிகளே பணம் கட்டியோர்க்கு மட்டும் என்றாயின. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் பொதுநலன் கருதி உருவாக்கிய எட்எக்ஸ், 2021இல் 80 கோடி டாலருக்கு ஒரு வணிக நிறுவனத்தின் கைக்கு மாறியது. சான்றின் முன் நின்றிருந்த சாவடி பயிற்சியின் முன் வந்தது; அங்கிருந்து பாடத்தை நோக்கி நகரத் தலைப்பட்டது. ‘இலவசம்’ என்ற பலகை மட்டும் சாலையின் தொடக்கத்தில் அப்படியே நின்றது.

பயிற்சியை அடைத்துவிட்டு விரிவுரையைத் திறந்து வைத்தால் என்ன கெட்டுவிடும் என்று சிலர் கேட்கலாம். கணினி அறிவியலின் இயல்பு அறியாதார் கேள்வி அது. அரபு இலக்கணம் கற்றோர் இதனை எளிதில் உணர்வர். நஹ்வு நூலை மனனம் செய்தவன் எல்லாம் பிழையின்றி வாசித்துவிடுவதில்லை. ஒரு சொல்லின் இறுதியில் வரவேண்டிய பேஷை ஜபராக வாசித்துவிட்டால், செய்தவன் செய்யப்பட்டவனாகிவிடுவான். உஸ்தாது தடுத்து நிறுத்தித் திருத்தும்போதுதான் விதி நெஞ்சில் ஏறுகிறது. கணினிக்கு நிரல் எழுதுவதும் இத்தகையதே. ஒரு குறியீடு இடம் மாறினால் நிரல் ஓடாது. அதனினும் கொடியது, ஓடியும் தவறான விடையைத் தருவது. எழுத வேண்டும், பிழைபட வேண்டும், திருத்தம் பெற வேண்டும், மீண்டும் எழுத வேண்டும். திருத்தம் இல்லாத விரிவுரை, கரையில் நின்று நீச்சலைக் கேட்டறிவதாகும்.

இந்த அளவுகோலால் நோக்குமிடத்து நம் நாட்டுத் திட்டம் உயர்ந்தே நிற்கிறது. சான்றுக்கு ஓர் எடுத்துக்காட்டு கூறுவேன். சென்னைக் கணிதவியல் நிறுவனத்துப் பேராசிரியர் மாதவன் முகுந்த், பைத்தான் மொழி வழியாக நிரலாக்கமும் தரவுக் கட்டமைப்பும் கற்பிக்கும் பாடம் ஒன்று என்பிடெல்லில் உண்டு. மாணவன் எழுதி அனுப்பும் நிரலைக் கணினியே பல உள்ளீடுகளால் சோதித்து, எங்கே தேறிற்று, எங்கே தவறிற்று என்று உடனே சொல்லிவிடும். இதற்குக் காசில்லை. மேல்நாட்டார் பூட்டிய அறையை நம்மவர் திறந்தே வைத்திருக்கின்றனர். இதனைப் பாராட்டாமல் குறை மட்டும் கூறுவது நேர்மையாகாது.

எனினும் குறை உண்டு. அதனை விளங்கிக்கொள்ள நம் பழைய கல்வி மரபைச் சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

கல்விக்குப் பொருள் கொடுப்பதைத் தமிழ் மரபு இழிவாகக் கருதியதில்லை. ஆசிரியர்க்கு உற்ற இடத்தில் உதவியும் மிகுந்த பொருள் கொடுத்தும் கற்பது நன்று என்று புறநானூற்றில் பாடியவன் பாண்டியன் நெடுஞ்செழியன், மதுரையை ஆண்டவன். நன்னூலார் பாடம் கேட்கத் தக்கவர் யாவர் என்று அறுவரை எண்ணுகிறார். தன் மகன், ஆசிரியன் மகன், அரசன் மகன் என மூவர் பிறப்பால் தகுதி பெறுவோர். அவ்வாயில்களை நம் காலம் அடைத்துவிட்டது, அடைத்ததும் சரியே. எஞ்சிய மூவர்: பொருளை மிகுதியாகக் கொடுப்பவன், வழிபட்டு நிற்பவன், சொன்னதை விரைந்து பற்றிக்கொள்ளும் கூர்மையுடையவன். பொருள் ஒரு வாயில், பணிவும் உழைப்பும் மற்றொன்று, அறிவுக்கூர்மை மூன்றாவது. பொருள் இல்லாதவனுக்கும் இரண்டு வாயில்கள் திறந்திருந்தன என்பதுதான் இங்கே நாம் கவனிக்க வேண்டியது.

அரபுக் கல்வி மரபில் இந்த ஆராய்ச்சி இன்னும் நுட்பமாக நடந்திருக்கிறது. கற்பித்தலுக்குக் கூலி பெறலாமா என்பதில் அறிஞரிடையே நெடுங்காலம் கருத்து வேறுபாடு இருந்தது. ஹனஃபி மத்ஹபின் முன்னோர், குர்ஆனைக் கற்பிப்பதற்குக் கூலி பெறுவதை மறுத்தனர். பின்வந்தோர், கூலி இல்லாவிடில் கற்பிப்பாரே இல்லாமற் போவர் என்று கண்டு அனுமதித்தனர். ஆசிரியனுக்கும் வயிறு உண்டு என்பதை உணர்ந்த தீர்ப்பு அது. ஆனால் கற்பித்தல் வேறு, ‘இவன் கற்றான்’ என்று சாட்சி கூறும் இஜாஸா வேறு. ஹிஜ்ரி 911இல் மறைந்த இமாம் ஜலாலுத்தீன் ஸுயூத்தி தம் ‘அல்இத்கான்’ நூலில், பணம் பெற்றாலன்றி இஜாஸா தரமறுக்கும் ஓதுவிக்கும் ஆசிரியர்களைக் கடுமையாகக் கண்டிக்கிறார். மாணவனிடம் தகுதி இருப்பதை ஆசிரியர் அறிந்தால் இஜாஸா அளிப்பது அவர் கடமை. தகுதி இல்லையெனக் கண்டால் அளிப்பது விலக்கு. இரண்டிலும் பணத்துக்கு இடமில்லை என்பது அவர் கருத்தின் சாரம்.

இப்போது இக்காலத்து ஏற்பாட்டை அதன் அருகில் வைத்துப் பாருங்கள். முன்னோர் பாடத்துக்குக் கூலியை ஒப்பினர். சனதுக்கு விலையை மறுத்தனர். இன்று பாடம் இலவசம், சனது விலைக்கு. முறை தலைகீழாக மாறியிருக்கிறது.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும். அன்றைய உஸ்தாது மாணவனைப் பல்லாண்டு அருகிருந்து கண்டவர். அவர் வாய்ச்சொல்லே சாட்சி. இன்று முகமறியாத லட்சக்கணக்கானோர் எழுதுகின்றனர். அவர்களுக்குத் தேர்வுக்கூடம் வேண்டும், கணினிகள் வேண்டும், கண்காணிப்பாளர் வேண்டும். இவற்றுக்கெல்லாம் செலவு உண்டே என்பர். உண்மைதான். அதனால்தான் ஆயிரம் ரூபாயைக் கொள்ளை என்று நான் கூறவில்லை. மேசையும் மின்சாரமும் கண்காணிப்பும் உழைப்புக்கும் பொருளுக்கும் உரிய செலவு. அவற்றுக்கு விலை கேட்பது நியாயமே. நம் கேள்வி, அச்செலவை யார் தலையில் வைப்பது என்பதே.

2024-25ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் நூறுநாள் வேலைத் திட்டத்துக்கு அறிவிக்கப்பட்ட நாள் ஊதியம் 319 ரூபாய். ஒரு தேர்வுக் கட்டணம் ஒரு தாயின் மூன்று நாள் உழைப்புக்கு மேல். ஒரு பருவத்தில் மூன்று பாடம் எடுத்தால் பத்து நாள் உழைப்புக்குச் சற்றே குறைவு. ‘சான்று வேண்டாதவர் பணம் கட்ட வேண்டாமே, விருப்பம் உள்ளவர் கட்டட்டும்’ என்பர். ஆனால் பல்கலைக்கழக மானியக் குழு, ஸ்வயம் பாடங்களைப் பட்டப்படிப்பின் கணக்கில் சேர்க்கலாம் என்று 2016இல் விதி செய்தது. ஒரு பருவத்தின் பாடங்களில் நூற்றுக்கு 20 பங்கு வரை என்றிருந்த அளவு, 2021இல் 40 ஆக உயர்ந்தது. பட்டத்தோடு சான்று பிணைக்கப்பட்ட பிறகு ‘விருப்பம்’ என்ற சொல்லுக்குப் பொருள் குறைந்துவிடுகிறது. கல்லூரி எடுக்கச் சொல்கிறது. வேலைக்கு அழைப்போர் சான்றைக் கேட்கின்றனர். வேண்டாமென்று சொல்லும் உரிமை வசதி உடையவனுக்கே எஞ்சுகிறது.

சலுகையிலும் ஓர் இடைவெளி காண்கிறேன். பாதிக் கட்டணச் சலுகை மேற்சொன்ன பிரிவினர்க்கு உரியது, அது தேவையானது, குறைக்கத் தகாதது. ஆயின் அப்பிரிவுகளுக்குள் வராத ஏழைகளும் உளர். தள்ளுவண்டி வியாபாரியின் மகளும் பீடி சுற்றும் தாயின் மகனும் முழுத் தொகையையே கட்ட வேண்டும். சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய இணையவழிப் பட்டப்படிப்பில், குடும்ப வருமானத்தையும் கருத்திற்கொண்டு முக்கால் பங்கு வரை கட்டணம் குறைக்கும் முறை உண்டு. ஒரு பட்டப்படிப்புக்கு இயன்றது ஒரு தேர்வுக்கு இயலாதா?

இவையன்றிப் பலகையில் எழுதப்படாத செலவுகளும் உள. கைபேசித் திரையில் விரிவுரை கேட்கலாம். நிரல் எழுதிப் பழகக் கணினி வேண்டும். தமிழக அரசு 2011 முதல் மாணவர்க்கு மடிக்கணினி வழங்கியதும், பெருந்தொற்றுக் காலத்தில், 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை நாளொன்றுக்கு 2 ஜிபி தரவு அட்டையை ஒன்பது லட்சத்துக்கு மேற்பட்ட கல்லூரி மாணவர்க்கு அறிவித்ததும் இத்தேவையை உணர்ந்தே. மொழியும் ஒரு சுங்கம்தான். ஆங்கில விரிவுரையைத் தொடர முடியாதவனுக்குத் திறந்த வாயிலும் மூடிய வாயிலே. மும்பை ஐ.ஐ.டி.யின் ‘ஸ்போக்கன் டுடோரியல்’ திட்டம் தன் பாடங்களைத் தமிழிலும் குரல் கொடுத்து வழங்குவது இவ்வகையில் அரிய தொண்டு.

நம் ஊர்களில் செய்யக் கூடியதும் உண்டு. வள்ளல் பாண்டித்துரைத் தேவர் 1901இல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவியபோது நூலகம் அமைத்தார், பாடசாலை கண்டார், சங்கம் தேர்வு நடத்திப் பண்டிதர் பட்டமும் வழங்கியது. கல்வியின் பாரத்தைக் கற்பவன் தோளில் மட்டும் ஏற்றாமல் புரவலரும் தாங்கினர். அரபுக் கல்லூரிகளும் இந்நாள் வரை அவ்வாறே மாணவர்க்கு உணவும் உறையுளும் தந்து வருகின்றன. ஓர் ஊர் ஜமாஅத்தோ, பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கமோ ஆண்டுக்கு இருபது பிள்ளைகளின் தேர்வுக் கட்டணத்தை ஏற்பதாயின் இருபதாயிரம் ரூபாய். நம் ஊர்த் திருமணப் பந்தலில் ஒரு வேளை விருந்துக்கு ஆகும் செலவினும் அது குறைவு. வாரப் பயிற்சியை முடித்துக் காட்டிய பிள்ளைக்கே கட்டணம் தரப்படும் என்று விதி செய்துவிட்டால், நன்னூலார் கூறிய உழைப்பின் வாயில் மீண்டும் திறந்துவிடும்.

திட்டத்தை நடத்துவோரிடமும் இரண்டு வேண்டுகோள். பட்டத்தின் கணக்கில் சேரும் பாடங்களுக்கேனும் தேர்வுக் கட்டணத்தைக் கல்லூரியோ அரசோ ஏற்கட்டும். அல்லது குடும்ப வருமானத்தை அளவுகோலாகக் கொள்ளட்டும். அது கைகூடும் வரையில், விளம்பரத்தில் ‘இலவசம்’ என்று எழுதும் அதே அளவு எழுத்தில் ‘தேர்வுக்கு ஆயிரம் ரூபாய்’ என்றும் எழுதட்டும். சாவடி இருப்பதை முன்னரே அறிந்தவன் கைப்பொருள் தேடிக்கொண்டு புறப்படுவான். அறியாமல் வந்தவன் சாவடியில் நின்று, பாதி வழி நடந்த களைப்போடு திரும்பிப் போவான். தனக்குத் தகுதியில்லை என்றும் எண்ணிக்கொள்வான். அவனிடம் குறைந்தது தகுதியன்று, ஆயிரம் ரூபாய் என்பதை அவனுக்குச் சொல்ல யாரேனும் வேண்டும்.