தராசை யார் நிறுப்பது?

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பேருந்தில் செல்லும்போது, புதுச்சத்திரம் அருகே வெளியே பாருங்கள். மலையில்லை, மேடில்லை, வயலும் வெளியுமே. மின்கருவிகள் உமிழும் அலைகளை அளக்க இதைவிட நல்ல திடல் ஏது என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆனால் கண்ணுக்கு வெட்டவெளியாகத் தெரிவது அலைக்கும் வெட்டவெளிதானா? அதைச் சோதிக்க உலகம் ஏற்றுக்கொண்டுள்ள முறையின் நிறைகுறைகளைச் சற்று ஆராய்வோம்.

விளக்கைப் போட்டதும் வானொலிப் பெட்டி கரகரப்பதைக் கேட்டிருப்பீர்கள். இத்தகைய குறுக்கீட்டுக்கு வரம்பு வகுக்க, 'சிஸ்பர்' என்னும் பன்னாட்டுக் குழு 1934ஆம் ஆண்டிலேயே கூடியது. 1979இல் அமெரிக்கா கணிப்பொறிகளுக்கும் விதி செய்தது. இன்று சிஸ்பர் வரம்பின்படி, வீட்டில் பயன்படும் கணிப்பொறி 30 முதல் 230 மெகாஹெர்ட்ஸ் வரையில், 10 மீட்டர் தொலைவில், மீட்டருக்குச் சுமார் 32 மைக்ரோவோல்ட்டுக்கு மேல் உமிழக் கூடாது.

இதை அளப்பதில்தான் சிக்கல். கருவியிலிருந்து ஓர் அலை நேரே வருகிறது. மற்றொன்று தரையில் பட்டுத் திரும்பி வருகிறது. கருவி 1 மீட்டர் உயரத்திலும், ஆண்டெனா 10 மீட்டர் தள்ளி 4 மீட்டர் உயரத்திலும் இருக்கட்டும். பிதாகரஸ் தேற்றத்தைக் கொண்டு நீங்களே கணக்கிடலாம்: நேர்வழி 10.44 மீட்டர், தரைவழி 11.18 மீட்டர், வேறுபாடு 0.74 மீட்டர். 200 மெகாஹெர்ட்ஸில் இது ஏறக்குறைய அரை அலைநீளம். கிடைத்தள அலையை உலோகத் தரை தலைகீழாக்கித் திருப்புவதால், இரண்டும் கைகோத்துப் பெருகும். ஆண்டெனாவை 1 மீட்டருக்கு இறக்கினால், இரண்டும் சேர்ந்து நேர் அலை அளவுக்குக்கூட வராது. அதனால்தான் ஆண்டெனாவை 1 முதல் 4 மீட்டர் வரை ஏற்றியிறக்கிப் பெரும அளவைக் குறிக்கிறார்கள். அதனால்தான் தரையில் உலோகத் தகடோ வலையோ பரப்புகிறார்கள். மரமும் மின்கம்பியும் வேலியும் இல்லாத நீள்வட்டம் ஒன்றும் வேண்டும். 10 மீட்டர் அளவீட்டுக்கு அதன் நீளம் 20 மீட்டர், அகலம் 17.3 மீட்டர்.

திடல் சரியா என்று எப்படி அறிவது? ஓர் ஆண்டெனாவிலிருந்து அனுப்பி, மற்றொன்றில் வாங்கி, வழியில் ஏற்படும் இழப்பை அளக்கிறார்கள். குறையற்ற திடலில் அது எவ்வளவு இருக்கவேண்டும் என்று கணக்கிடும் வழியை 1982இல் ஸ்மித், ஜெர்மன், பேட் என்னும் மூவர் வெளியிட்டார்கள். அளந்ததும் கணக்கிட்டதும் 4 டெசிபலுக்குள் ஒத்துப்போனால் திடல் தேறியது. கண்மதிப்பை விட்டு எண்ணால் தீர்ப்பளிக்கும் இம்முறையைப் பாராட்டவே வேண்டும்.

ஆனால் அந்த 4 டெசிபல் எங்கிருந்து வந்தது? இரண்டு ஆண்டெனாக்களுக்குத் தலா 1, அளவைமானிக்கு 1, திடலின் குறைக்கு 1. அதாவது, திடலைச் சோதிப்பதாகச் சொல்லும் தேர்வில் முக்கால் பங்கு கருவிகளுக்கே போய்விட்டது! நல்ல ஆண்டெனாவைக் கொண்டுவந்தவர் மோசமான திடலையும் தேறச் செய்துவிடலாம்.

இன்னொரு குறை: திறந்தவெளித் திடலை ஒரே இடத்தில் சோதித்தால் போதும் என்கிறார்கள். திடலுக்குக் கூரை போட்டாலோ பல இடங்களில் அளக்கச் சொல்கிறார்கள். சோதனைக்கு வரும் கருவி ஒரு புள்ளியா? சுழல்மேசை மேல் சுற்றும் பெரிய பெட்டியல்லவா?

மூன்றாவது, பருவம். உலோகத் தகடு முடியும் ஓரத்தில் மண் தொடங்குகிறது. நம் கடலோர மண் ஐப்பசியில் ஒன்று, சித்திரையில் மற்றொன்று. தகட்டின் இணைப்புகளை உப்புக்காற்றும் அரிக்கும். ஒருநாள் எடுத்த சான்று ஆண்டு முழுவதற்கும் சாட்சி சொல்லுமா?

இதனால் யாருக்கு நட்டம்? 4 டெசிபல் என்பது 1.58 மடங்கு. ஒரு திடல் அதை மேலேயும், இன்னொன்று கீழேயும் காட்டினால், ஒரே கருவிக்கு இரண்டரை மடங்கு வேறுபட்ட விடை. இரண்டு திடல்களும் 'தேறியவை'! கடலூரில் கடன் வாங்கிச் சிறு பட்டறை நடத்துபவர், 1 டெசிபல் கூடுதல் என்று தம் பெட்டியைத் திரும்பப் பெற்றால், அவருக்குத் தகடும் வடிகட்டியும் செலவு. குறைத்துக் காட்டிய திடலிலிருந்து தப்பிய பெட்டியோ, அண்டை வீட்டு வானொலியைக் கெடுக்கும்.

முறையைத் தூக்கியெறியச் சொல்லவில்லை. ஒவ்வொரு சோதனை அறிக்கையுடனும் திடலின் இழப்பு வரைபடமும், ஆண்டெனா அளவீட்டு நாளும், மழைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவும் இணைக்கப்பட வேண்டும். சென்னைத் தரமணியில் சமீர் நிறுவனத்தின் மின்காந்தவியல் மையம் இருக்கிறது. அத்தகைய ஆய்வகங்களுக்குப் பெட்டியை எடுத்துச் செல்லும் சிறுதொழிலர் இவற்றைக் கேட்டுப் பெறப் பழக வேண்டும். காய்கறிக் கடையில் எடைக்கல்லின் முத்திரையைப் பார்க்கிறோமே, இங்கு மட்டும் ஏன் கூசவேண்டும்?